சிக்கன் சீசர் சாலட் முழுக்க வீட்டுலயே பண்ணணும், ஆங்கோவிக்குப் பதிலா நெத்திலிக் கருவாடு போடலாமா?

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க கொழுந்தனார் மக சென்னையில காலேஜ் படிக்கிறா, பரீட்சை முடிஞ்சு அடுத்த வாரம் ஊருக்கு வர்றா. தடைக்காலமா இருந்தாலும் நாட்டுப்படகு மீன் வருதே, நண்டு வாங்கி வைக்கவா கணவாய் வாங்கி வைக்கவான்னு போன்ல கேட்டா, "பெரியம்மா அதெல்லாம் வேணாம், எனக்கு சிக்கன் சீசர் சாலட் செஞ்சு குடுங்க, பாட்டில் மயோனைஸ ஊத்தி ஏமாத்தக் கூடாது, எல்லாமே நீங்களே செஞ்சதா இருக்கணும்"ங்கறா. கடக்கரையில பொறந்த புள்ள கேக்குறதப் பாருங்க. சரி ஆசையா கேட்டுட்டா, செஞ்சு குடுத்துருவோம்னு வீடியோவாப் பாத்துக்கிட்டு இருக்கேன், பாக்கப் பாக்கக் குழப்பந்தான் கூடுது.

மொதல்ல அந்த ஆங்கோவி. எல்லாரும் சின்ன டப்பாவத் தொறந்து எண்ணெயில ஊறுன மீன எடுத்துப் போடுறாக. அது நம்ம நெத்திலி சாதிதான்னு சொல்றாக, அப்ப நம்ம வீட்டு டப்பாவுல இருக்குற நெத்திலிக் கருவாடு போட்டா ஆகுமா ஆகாதா? ரெண்டாவது முட்டை, பச்சை மஞ்சக்கருவ அப்படியே அடிக்கிறாக, எங்க மாமியாருக்கு பச்சை முட்டைன்னாலே ஆகாது, எனக்கும் இந்த வெயில்ல பயமாத்தான் இருக்கு. மூணாவது அந்த லெட்டூஸ் இலை, தங்கச்சிமடம் ராமேஸ்வரம் ரெண்டு பக்கமும் விசாரிச்சிட்டேன், காய்கறிக்காரர் என்னை மேலயும் கீழயும் பாக்குறார். பார்மசான் சீஸ் வேணுமாம், நம்ம கட்டி சீஸ் போதுமா? அப்புறம் நெஞ்சுக்கறி எப்படி செஞ்சாலும் சக்கை மாதிரி ஆயிடுதே அதுக்கு என்ன வழி. எங்கிட்ட ஓவன் கிடையாது, கேஸ் அடுப்பு, இரும்பு தோசைக்கல்லு, மிக்சி, அம்புட்டுதான். தெரிஞ்சவுக கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.


சும்மா_ராசா:

அக்கா எதுக்கு இம்புட்டு கஷ்டம், கடையில வெஜ் மயோனைஸ் ஒரு பாக்கெட் வாங்கி ரெண்டு பல்லு பூண்டத் தட்டிப் போட்டு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது. இல்லையா, நெத்திலிய நல்லா மொறுமொறுன்னு வறுத்து சோத்துக்கு வச்சீங்கன்னா புள்ள சாலட்ட மறந்துரும்.


கப்பல்_சமையல்:

ராசா தம்பி, தெரியும். வெஜ் மயோனைஸ் ஒரு மாதிரி இனிச்சுக் கெடக்கும், சென்னையில சாப்புட்டுப் பழகுன புள்ளைக்கு வாயில வச்ச ஒடனே தெரிஞ்சு போயிரும்.

அக்கா நான் மண்டபம். பயணிகள் கப்பல்ல சாலட், டிரஸ்ஸிங், சாண்ட்விச்னு சூடு இல்லாத அயிட்டம் செய்யிற கிச்சன்லதான் ரொம்ப வருசம் இருந்தேன், சீசர் டிரஸ்ஸிங்க வாளி வாளியா அடிச்சிருக்கோம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் பொறுத்துக்கங்க.

மொதல்ல பயத்த விடுங்க. இத மொதல்ல போட்டது சீசர் கார்டினின்னு ஒரு இத்தாலிக்காரர், மெக்சிகோவுல டிஹுவானாவுல ஓட்டல் வச்சிருந்தவர், அமெரிக்காவுல அப்ப மதுவிலக்கு இருந்ததால எல்லை தாண்டி அங்கிட்டு கூட்டம் வரும், 1924 ஜூலை 4 அன்னிக்கு கூட்டம் ஏறிப்போயி கிச்சன்ல சாமான் தீந்துட்டதால கையில இருந்தத வச்சு ஒப்பேத்துனதுன்னு அவர் குடும்பத்துல சொல்லுவாக. அவர் போட்டதுல கோழியும் கிடையாது, ஆங்கோவியும் தனியாக் கிடையாது. அந்த மீன் வாசம் வந்ததே வூஸ்டர் சாஸ்லேருந்துதான், அதுல ஆங்கோவி சேத்துதான் செய்வாக. அப்புறம் மெக்சிகோவுல புழியிறது நம்ம ஊரு மாதிரி சின்ன பச்சை எலுமிச்சைதான், பெரிய மஞ்சள் லெமன் தேடி அலைய வேணாம். அதனால இல்லாதத நெனச்சுக் கவலைப்படாதீங்க, டிரஸ்ஸிங் சரியா வந்துருச்சுன்னா முக்காவாசி வேலை முடிஞ்சுது.

நாலு பேருக்கு அளவு சொல்றேன். மஞ்சக்கரு 2, பூண்டு சின்னப் பல்லு 2, கடுகு பேஸ்ட் 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒன்றரை டேபிள்ஸ்பூன், எண்ணெய் அரை கப், அதாவது 120 மில்லி, துருவுன சீஸ் 30 கிராம், மிளகு அப்பப்பப் பொடிச்சது அரை டீஸ்பூன், ஆங்கோவி இருந்தா 4 துண்டு. உப்பு கடைசியில வாயில வச்சுப் பாத்துட்டுப் போடுங்க, மீன்லயும் சீஸ்லயும் ஏற்கனவே உப்பு கெடக்கு. கடுகு பேஸ்ட் கடையில இல்லைன்னா கடுகைப் பொடிச்சு கொஞ்சூண்டு தண்ணில குழைச்சு பத்து நிமிசம் வச்சுட்டு அதுல கால் டீஸ்பூன் போடுங்க, அதுக்கு மேல போட்டா காரம் மூக்குல ஏறும்.

எண்ணெய் பத்தி ஒரு வார்த்தை. ஆலிவ் ஆயில் இருக்கேன்னு முழுசையும் அதையே மிக்சியில ஓட விட்டீங்கன்னா கசந்து போயிரும், எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய வேகமா அடிச்சா உள்ள இருக்குற கசப்பு வெளிய வரும். சூரியகாந்தி எண்ணெயில அடிங்க, கடைசியில ரெண்டு ஸ்பூன் ஆலிவ் ஆயில கையால கலந்துக்கங்க. செக்கு நல்லெண்ணெய், கடலெண்ணெய் வேணாம், வேற எந்த வாசத்தையும் மேல வர விடாது.

மிக்சிய விட மத்து நல்லதுக்கா, நான் சும்மா சொல்லல. ரெண்டு மஞ்சக்கரு சட்னி ஜார்ல போட்டா பிளேடுக்குக் கீழயே படிஞ்சுரும், ஓட ஓட ஜார் வேற சூடாகும், சூடானா திரியும். அடி உருண்ட கிண்ணத்துல ஈரத்துணிய கீழ வச்சு நகராம நிறுத்திட்டு மஞ்சக்கரு, நசுக்குன பூண்டு, கடுகு, எலுமிச்சை எல்லாத்தையும் மொதல்ல நல்லா கலக்கிட்டு எண்ணெய மொதல்ல சொட்டு சொட்டாத்தான் விடணும். கெட்டியாப் புடிச்சு நெறம் வெளிறத் தொடங்குன பெறவு நூல் மாதிரி ஊத்தலாம். முட்டை பிரிட்ஜ்லேருந்து எடுத்த ஒடனே வேணாம், அரைமணி வெளிய கெடக்கட்டும். அப்படியும் திரிஞ்சா கொட்டிராதீங்க, வேற கிண்ணத்துல புது மஞ்சக்கரு ஒண்ணு போட்டு அதுல திரிஞ்சத கொஞ்சம் கொஞ்சமா விட்டு அடிங்க, சேந்துக்கும்.

பச்சை முட்டை விசயத்துல உங்க மாமியார் சொல்றது சரிதான். கார்டினி முட்டைய ஒரு நிமிசம் கொதிதண்ணில போட்டு எடுத்தாராம், அதுல கிருமியெல்லாம் சாகாது. நம்ம அரசாங்கமே 2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸ ஒரு வருசத்துக்கு விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க, சால்மோனெல்லா பயந்தான் காரணம். தடை கடைக்குத்தான், ஆனா கிருமிக்கு கடை வீடுன்னு வித்தியாசம் தெரியாதுல்ல. அதனால இப்படிப் பண்ணுங்க, மஞ்சக்கருவோட எலுமிச்சைச் சாறும் ஒரு ஸ்பூன் தண்ணியும் சேத்து கிண்ணத்த கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்து மேல வைங்க, கிண்ணத்தோட அடி தண்ணில படக்கூடாது. தீய சிம்ல வச்சு கையெடுக்காம கலக்கிக்கிட்டே இருங்க. 71 டிகிரி வரணும், தெர்மாமீட்டர் இல்லைன்னா கலவை ஸ்பூன் முதுகுல ஒட்டிக்கிட்டு விரலால கோடு போட்டா கோடு அப்படியே நிக்கிற பக்குவம். அதுக்கு மேல விட்டா முட்டைப் பொரியல் ஆயிரும். எறக்கி ஆற வச்சுட்டு எண்ணெய் விட ஆரம்பிங்க.

கோழிக்கு, பிராய்லர் நெஞ்சுப் பீஸ் போன்லெஸ் வாங்குங்க, நாட்டுக்கோழி இதுக்கு ஆகாது, அது கொழம்புக்குத்தான். 1 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் கல்லுப்பு கரைச்சு அதுல கறிய முக்கி பிரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சா வேகும்போது தண்ணிய விடாது. சக்கையாகுறதுக்கு இன்னொரு காரணம் பீஸ் ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் ஒல்லியா இருக்குறது, ஒல்லி பக்கம் காஞ்சு போற வரைக்கும் தடி பக்கம் வேகாது. புக்கு மாதிரி நடுவுல கீறி விரிச்சு ஒரே கனமா தட்டிக்கங்க. ஈரத்த நல்லா ஒத்தி எடுத்துட்டு மிளகு, பூண்டு, எண்ணெய் தடவி காஞ்ச தோசைக்கல்லுல ஒரு பக்கம் நாலு அஞ்சு நிமிசம், திருப்பிப் போட்டு அதே மாதிரி. எடுத்து அஞ்சு நிமிசம் சும்மா வைங்க, சுட்ட சூட்டுல வெட்டுனா சாறு எல்லாம் பலகையில ஓடிரும். நாருக்குக் குறுக்க வெட்டுங்க.

ரொட்டித் துண்டு, அதான் குரூட்டான், அதுக்கு பால் பிரெட் வாங்காதீங்க, சீனி இருக்குறதால உள்ள காயறதுக்குள்ள வெளிய கருகிரும். இனிப்பில்லாத பிரெட் ஒருநாள் பழசா இருந்தா நல்லது. விரல் கனத்துக்கு வெட்டி பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயில பெரட்டி தோசைக்கல்லுல சிம்ல பொறுமையா. ஆறுன ஒடனே டப்பாவுல போட்டு இறுக்க மூடுங்க, நம்ம உப்புக்காத்துல அரைமணி தொறந்து கெடந்தாலே நமுத்துரும்.

சீஸ்: கட்டி பிராசஸ்டு சீஸ் வேணாம்க்கா, அது கொழகொழன்னு கரையும், உப்பு மட்டுந்தான் தெரியும். பார்மசான் மாசக்கணக்குல பழுத்த சீஸ், துருவுனா மணல் மாதிரி உதிரும். மதுரையில பெரிய கடையில சின்ன துண்டு கெடைக்கும். இல்லைன்னா நல்லாப் பழுத்த செடார்.

கருவாட்டப் பத்தி என் கருத்து: வேணாம். டப்பா ஆங்கோவி கெடைக்கலைன்னா வூஸ்டர் சாஸ் ஒரு டீஸ்பூன் போட்டு முடிச்சுருங்க, ஆனா பாட்டில திருப்பிப் பாத்து வாங்குங்க, இங்க விக்கிறதுல சிலதுல மீனே இருக்காது, பச்சைப் புள்ளி போட்டிருக்கும்.


வலைக்காரன்_மகன்:

கப்பல் அண்ணே மத்ததெல்லாம் சரி, கருவாட்ட மட்டும் ஒரே வார்த்தையில தள்ளிட்டீகளே. பாம்பன்ல இருந்துக்கிட்டு டப்பா மீனுக்கு மதுரை போகவா.

ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறது உண்மைதான், அத ஒத்துக்குறேன். அவுக மீன உப்புல அடுக்கி மாசக்கணக்குல அழுத்தி வச்சுருவாக, வெயில்ல காய வைக்கிறதில்ல, உப்புக்குள்ளயே அது பழுத்து செவந்து கரையிற பதத்துக்கு வரும், அந்த ருசி அப்படி வர்றது. நம்மளுது ரெண்டு மூணு நாள் வெயில்ல காஞ்சது, பழுக்குறதுக்கு நேரமே இல்ல, அதனால உப்பும் மீன் வாசமும் இருக்கும், அடியில இருக்குற அந்த ருசி கொறைவா இருக்கும். அதுக்குத்தான் சீஸ் இருக்கே, அது ஈடு கட்டிரும்.

அக்கா நீங்க எடுக்குற நெத்திலி வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கணும், மஞ்சள் தட்டியிருந்தா எண்ணெய் சிக்கு வாசம் அடிக்கும், கொழம்புல புளி மூடிரும், சாலட்ல மூடாது. ஒடிச்சுப் பாத்தா படக்குனு ஒடியணும், வளைஞ்சா ஈரம் இருக்கு. மணல்ல காயப்போட்டதா வலையில காயப்போட்டதான்னு கேட்டு வாங்குங்க, மணல்ல போட்டதுன்னா எத்தனை தடவை அலசுனாலும் பல்லுல நறநறங்கும். பத்து நெத்திலி எடுத்து தலையக் கிள்ளுனா கொடலும் கூடவே வரும், வெதுவெதுப்பான தண்ணில கால்மணி ஊற வச்சு முதுகுப்பக்கம் பெருவிரலால பிளந்து நடுமுள்ள உருவிருங்க. ஈரத்த ஒத்திட்டு எண்ணெயில பூண்டோட சேத்து ரொம்ப சின்னத் தீயில வதக்குங்க, பொன்னிறம் வந்த ஒடனே எறக்கி அம்மியிலயோ சின்ன உரல்லயோ விழுதா நசுக்குங்க. அந்த வதக்குன எண்ணெயையும் ஆற வச்சு டிரஸ்ஸிங்ல சேத்துக்கலாம். பச்சையா அரைச்சுப் போடாதீங்க, அப்படிப் போட்டா வீடே கருவாட்டு ஆலை ஆயிரும்.

இன்னொரு யோசனை, நாட்டுப்படகுலயோ கரைவலையிலயோ பச்சை நெத்திலி வந்துச்சுன்னா கொஞ்சம் வாங்கி மாவுல பெரட்டி மொறுமொறுன்னு பொரிச்சு சாலட் மேல தூவுங்க. இத சென்னையில எந்தக் கடையிலயும் குடுக்க மாட்டாக.

ஆனா ஒண்ணு, யாராச்சும் வீடியோவப் பாத்துட்டு பச்சை நெத்திலிய பாட்டில்ல உப்பப் போட்டு அடுக்கி வீட்டுலயே ஆங்கோவி செய்யிறேன்னு எறங்காதீங்க. இது மாதிரி மீனு சூட்டுல கொஞ்ச நேரம் கெடந்தாலே ஹிஸ்டமின்னு ஒண்ணு ஏறும், சமைச்சாலும் போகாது, சாப்ட்டா மூஞ்சி செவந்து தடிச்சு தலைவலி வந்து கெடக்கும். ஐஸ்ல வச்ச மீனு, உப்பு அளவு, குளிர்ச்சி எல்லாம் கணக்கா இருந்தாத்தான் அது நடக்கும். இந்த மே மாச வெயில்ல நம்ம அடுப்படியில நடக்காது.


கீழக்கரை_லாத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாரும் நெத்திலியப் புடிச்சுத் தொங்குறீங்களே, மாசிய யாரும் நெனைக்கலையா? எங்க ஊர்ல சம்பலுக்கு மாசி இல்லாத வீடு கெடையாது. சூரை மீன அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காய வச்சதுதான் மாசி, அதனால நெத்திலிக் கருவாட்டு வாசம் அதுல வராது, புகை வாசமும் அடி ருசியும் தான் வரும். ஜப்பான்காரங்க சூப்புக்கு சீவிப் போடுற காஞ்ச சூரை இருக்குல்ல, அதுவும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஒரு சின்ன துண்ட இடிச்சு சல்லடையில சலிச்சு ஒரு டீஸ்பூன் தூள் டிரஸ்ஸிங்ல போட்டுப் பாருங்க, முள்ளெடுக்கிற வேலை இல்ல, வதக்குற வேலை இல்ல. பத்து நிமிசம் எலுமிச்சைச் சாறுல ஊற விட்டுட்டுக் கலந்தா நறநறப்பு இருக்காது. ஆங்கோவியோட உப்பு மாசியில இருக்காது, அதனால உப்ப மட்டும் கொஞ்சம் கூட்டிக்கணும்.

பச்சை முட்டையே வேணாம்னா நான் பண்றத சொல்றேன். எங்க வீட்டுல உம்மாவுக்கு வயசாச்சு, மருமக மாசமா இருக்கா, ரெண்டு பேருக்கும் பச்சை முட்டை குடுக்குறதுக்கே இல்ல. புளிக்காத கெட்டித் தயிர மெல்லிசுத் துணியில கட்டி பிரிட்ஜ்க்குள்ள ரெண்டு மூணு மணி நேரம் தொங்க விடுவேன், வெளிய தொங்க விட்டா இந்தச் சூட்டுல புளிச்சுரும். அந்தத் தயிர் முக்கா கப்புக்கு நல்லா அவிச்ச முட்டையோட மஞ்சக்கரு 2 மசிச்சுப் போட்டு, பூண்டு, கடுகு, மிளகு, மாசித்தூள், சீஸ், ரெண்டு ஸ்பூன் ஆலிவ் ஆயில். எலுமிச்சை அரை ஸ்பூன் போதும், தயிர்லயே புளிப்பு இருக்கு. திரியுமோங்குற பயமே கிடையாது, சொட்டு சொட்டா ஊத்திக்கிட்டு நிக்கவும் வேணாம். அசல் மாதிரியே இருக்கும்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் லேசா இருக்கும், வெயிலுக்கு எனக்கு இதுதான் புடிக்கும்.

சீஸ் வாங்குறப்ப நம்ம ஆளுங்க ஒண்ணு பாத்துக்கங்க, இத்தாலிப் பார்மசான்ல கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுத்த ரென்னெட் போட்டுத்தான் பால உறைய வைப்பாங்க. ஹலால் பாக்குறவங்களும் சைவம் சாப்புடுறவங்களும் பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து எடுத்தா போதும், அதுல மிருக ரென்னெட் இருக்காது.

குரூட்டானுக்கு நான் நம்ம முண்டு மிளகாய ஒண்ணு ரெண்டு எண்ணெயில பொரிச்சு எடுத்துட்டு அந்த எண்ணெயில ரொட்டியப் பெரட்டுவேன். ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, சாலட்ல போட்டா என்ன கொறைஞ்சிடப் போகுது.


கப்பல்_சமையல்:

லாத்தா மாசி யோசனை நெசமாவே நல்லாருக்கு, எனக்குத் தோணல. சீஸோட ருசியும் காஞ்ச சூரையோட ருசியும் சேந்தா ஒண்ண ஒண்ணு தூக்கி விடும், அது எங்களுக்கு கிச்சன்ல சொல்லிக் குடுத்ததுதான். முண்டு மிளகாய்க்கு மட்டும் நான் வரல, மிளகாய் போட்டா அது வேற சாலட், நல்ல சாலட்டாவே இருக்கட்டும், சீசர் இல்ல. மிளகு மட்டுந்தான்.


கீழக்கரை_லாத்தா:

கப்பல்ல வெள்ளைக்காரனுக்கு சமைச்ச நாக்கு தம்பி உங்களுக்கு. எங்க வீட்டுல மொளவா இல்லைன்னா அது நோயாளி சாப்பாடு :)


தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இம்புட்டு வெவரம் வரும்னு நெனைக்கல. எங்க வீட்டுக்காரவுக தங்கச்சி கீழக்கரையிலதான் டீச்சரா இருக்காக, மாசி அவுககிட்ட சொல்லி வாங்கிருவேன், கூடவே தொதல் அல்வாவும் ஒரு கிலோ வந்துரும். இலைக்குத்தான் யாருமே வழி சொல்லல. முட்டைக்கோஸ் போட்டா புள்ள கண்டுபுடிச்சுருவாளா? எங்க பக்கத்து வீட்டக்கா வீட்டுலயே தொட்டியில வெதச்சு வளத்துக்கலாமேன்னாக, அடுத்த வாரம் வர்றவளுக்கு இன்னிக்கு வெதச்சு என்னத்தப் பண்றது.


மதுரைக்கு_ஓடுற_பஸ்சு:

கண்டுபுடிச்சுருவாக அக்கா, அதுல சந்தேகமே வேணாம். ஆனா கோஸ் தப்பும் இல்ல, உள் இலையா எடுத்து நரம்ப நீக்கிட்டு கையால கிழிச்சு ஐஸ் தண்ணில போட்டு எடுத்தா மொறுமொறுப்பு நல்லாவே வரும், வாசம் மட்டும் வேற.

தொட்டி யோசனைய கார்த்திகை மார்கழிக்கு வச்சுக்கங்க. லெட்டூஸ் குளிர்ச்சியில வளர்ற செடி, வெயில் ஏறுனா தண்டு விட்டு பூவுக்கு ஓடிரும், இலை கசந்து பாலு பாலா வடியும். நம்ம பக்கம் போர் தண்ணி வேற உப்பு. மதுரைக்கு வர்றதெல்லாம் ஊட்டி கொடைக்கானல் மலைக்காய்தான்.

நான் ராமநாதபுரத்துல சின்னதா கேட்டரிங் பண்றேன், வாரத்துக்கு மதுரை போயி இந்த மாதிரி சாமான் எடுத்துட்டு வருவேன். ரோமெய்ன்னு கேளுங்க, நீட்டு இலையா நடுவுல தடிச்ச நரம்போட இருக்கும். அது இல்லைன்னா ஐஸ்பெர்க், கோஸ் மாதிரி உருண்டையா இருக்கும், அதுவும் பரவால்ல. சுருள் சுருளா மெல்லிசா இருக்குற இலைய எடுக்காதீங்க, டிரஸ்ஸிங் பட்ட ஒடனே படுத்துரும். வெட்டுன அடிக்காம்பு வெள்ளையா இருந்தா புதுசு, செம்பழுப்பா இருந்தா ரெண்டு மூணு நாள் ஆச்சு. பஸ்ல எடுத்துட்டு வர்றப்ப ஈரத்துணியில சுத்தி மேல பேப்பர் சுத்தி கையில தெர்மாகோல் பெட்டி இருந்தா அதுல வைங்க, ஐஸ் பாக்கெட் நேரா இலையில படாம பாத்துக்கங்க, பட்ட எடம் கருத்துரும். ஜன்னலோரம் வெயில்ல வச்சுட்டு வந்தீங்கன்னா பரமக்குடி தாண்டுறதுக்குள்ள வதங்கிரும்.

வதங்குனாலும் போச்சுன்னு விட வேணாம். அடிக்காம்ப ஒரு விரல் அளவு நறுக்கிட்டு இலைய தனித்தனியா பிரிச்சு ஐஸ் போட்ட தண்ணில கால்மணி நேரம் முக்கி வச்சா தண்ணிய இழுத்துக்கிட்டு நிமிந்துரும், நீங்களே பாப்பீங்க. அதுக்கு முன்னாடி நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசிருங்க, மடிப்புக்குள்ள மண்ணும் பூச்சியும் ஒளிஞ்சிருக்கும், பச்சையா சாப்புடுற இலை பாருங்க.

அப்புறம் இதுதான் முக்கியம், ஈரம் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. ஈர இலையில டிரஸ்ஸிங் ஒட்டாது, வழிஞ்சு அடியில தேங்கும், எம்புட்டு நல்லா அடிச்ச டிரஸ்ஸிங்கும் தண்ணியா தெரியும். பழைய காட்டன் வேட்டி சுத்தமா தொவைச்சது இருந்தா அதுல இலைய பரப்பி உருட்டி பிரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க.

அடுத்த தடவ நான் வியாழக்கிழமை மதுரை போறேன், ராமநாதபுரம் வரைக்கும் யாராச்சும் வந்து வாங்கிக்கிட்டா உங்களுக்கும் ரெண்டு எடுத்துட்டு வர்றேன், சீஸும் சொல்லுங்க. நம்பர இங்க போடாதீங்க, தனியா மெசேஜ் பண்ணுங்க.


சும்மா_ராசா:

நான் சொன்ன நெத்திலி வறுவலையே கடைசியில சாலட் மேல தூவச் சொல்லிட்டீங்க, அப்ப நான் சொன்னதும் பாதி சரிதான்.


தங்கச்சிமடத்துக்காரி:

ராசா தம்பி உங்களுக்கும் ஒரு தட்டு உண்டு, வாங்க. பஸ்சு அண்ணே மெசேஜ் பண்ணிட்டேன், ரெண்டு ரோமெய்னும் சின்ன துண்டு சீஸும், பச்சைப் புள்ளி போட்டதா பாத்து எடுங்க. நான் முட்டைய தண்ணிச்சூட்டுல வச்சு கப்பல் அண்ணன் சொன்ன மாதிரி அடிச்சு மாசித்தூள் போடப் போறேன், மாமியாருக்கு மட்டும் தனியா லாத்தா சொன்ன தயிர் டிரஸ்ஸிங். மேல பச்சை நெத்திலி கெடைச்சா பொரிச்சது. கடைசியா ஒண்ணே ஒண்ணு, புள்ள காலையில ரயில்ல எறங்குறா, மத்தியானமே கேப்பா. டிரஸ்ஸிங், ரொட்டி, கோழி எல்லாம் முந்தின ராத்திரியே செஞ்சு வச்சுக்கலாமா? கரண்டு வேற போயிப் போயி வருது.


கப்பல்_சமையல்:

டிரஸ்ஸிங் முந்தின ராத்திரி செஞ்சு மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல பிரிட்ஜ்ல வைக்கலாம், மறுநாள் பூண்டு ருசி நல்லா எறங்கியிருக்கும், ஆனா மறுநாளே முடிச்சுருங்க, மிச்சம் வைக்காதீங்க. ராத்திரி கரண்டு போயி பிரிட்ஜ் ரொம்ப நேரம் நின்னுருச்சுன்னா முட்டை போட்டத யோசிக்காம கீழ ஊத்திட்டு லாத்தாவோட தயிர் வழிக்கே போயிருங்க, அதுக்குத் தயிர மட்டும் காலையில வடிகட்டிக்கலாம். சீஸ காலையில துருவிச் சேருங்க. ரொட்டி காலையிலதான். கோழிய ராத்திரி உப்புத் தண்ணில விட்டுறாதீங்க, கரிச்சுப் போயிரும், ஒரு மணி நேரம் ஆனதும் எடுத்து தொடைச்சு பிரிட்ஜ்ல மூடி வைங்க, புள்ள குளிச்சுட்டு வர்ற நேரம் தோசைக்கல்லுல போட்டா போதும். பெரிய தாம்பாளத்துல இலைய மட்டும் போட்டு டிரஸ்ஸிங்ல பாதி ஊத்தி கையாலயே பெரட்டுங்க, கரண்டி இலைய ஒடிச்சுரும், ஒவ்வொரு இலையும் மினுமினுன்னு ஆனா போதும், அடியில தேங்கக் கூடாது. அப்புறம் கோழி, அதுக்கப்புறம் ரொட்டி, நெத்திலி. மேல இன்னும் கொஞ்சம் சீஸ், மிளகு. தட்டுல போட்ட ஒடனே சாப்புடச் சொல்லுங்க, போட்டோ எடுக்குறேன்னு நின்னாகன்னா ரொட்டி ஊறிரும்.